கூப்பிட்டால்தான் வரும் பேய்

1
இந்தக் கதை ஒரு பழைய ஊமைப்படத்திலிருந்து கிடைத்தது. ரத்தம் குடிக்கும் பேயின் படம். இன்று அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. நீண்ட நகங்களைக் கண்டால் சிரிப்புதான் வருகிறது. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. என் ஊகம்: அந்தப் பேய்க்கு மரியாதை தெரியும். வீட்டுக்காரி "உள்ளே வா" என்று சொல்லும்வரை வாசலிலேயே நிற்கும். துக்கம் கேட்க வரும் சொந்தக்காரர்களிடம் இதை எதிர்பார்க்க முடியுமா?

2
முதல் வரி: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை

வேண்டாம். மழை பெய்யவில்லை.

மறுபடி: திரைப்படக் கழகத்தில் புரொஜக்டர் ஓட்டுபவன் அவன். படத்தின் நடுவே வரும் எழுத்தட்டைகளை மைக்கில் நம் மொழியில் வாசித்தவள் அவன் மனைவி. முந்தைய திரையிடலில் அவள் வாசித்தது ஒலிப்பதிவாக இருக்கிறது. அவள் இல்லை. (எப்படி இறந்தாள் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். நீங்கள் உச்சுக்கொட்டுவீர்கள்.)

3
"அந்த ரெக்கார்டிங்கையே போட்டுடலாம் தம்பி," என்றார் கழகச் செயலாளர். "அவங்களுக்கு அஞ்சலி மாதிரியும் ஆச்சு, வேற ஆள் தேடவும் வேண்டாம்."

(இவரை நல்லவராக்க முயன்றேன். ஒத்துழைக்கவில்லை.)

மச்சினி அருகில் வந்தாள். "அத்தான், அக்கா குரலைக் கேட்டுட்டு உங்களால உக்கார முடியுமா?"

"நமக்கென்ன, மெஷின் பாட்டுக்கு ஓடும்."

"எந்த மெஷினைச் சொல்றீங்க?"

4
பாதிப் படத்தில் செயலாளர் ஓடிவந்தார். "அடுத்து டான்ஸ் கிளாஸுக்கு ஹாலை விட்டிருக்கோம். கொஞ்சம் வேகமா ஓட்டுங்க."

புரொஜக்டரில் அதற்கு ஒரு விசை உண்டு. தட்டினான். பேய் பஸ்ஸைப் பிடிப்பதுபோல் ஓடியது. ஒலிப்பதிவிலிருந்த அவள் குரலுக்கு அந்த அவசரம் இல்லை. பின்தங்கியது. பேய் கழுத்தைக் கடித்து வாயைத் துடைத்த பிறகு, "யாரது வாசலில்?" என்று கேட்டாள். அரங்கமே சிரித்தது. உயிரோடு இருந்தபோதும் அவள் எங்கும் நேரத்துக்கு வந்ததில்லை. அவனும் சிரித்திருப்பான், ஆனால்

(இதற்குப் பிறகு சில வாக்கியங்கள் இருந்தன. எல்லாம் அழுதன. எடுத்துவிட்டேன்.)

திரையில் விடிந்தது. பேய் புகையானது. ரீல் தீர்ந்தது. வெள்ளைத் திரை. ஒலிப்பதிவில் மட்டும் கடைசி அட்டை பாக்கி. அது 'உள்ளே வா.'

"ஆஃப் பண்ணுங்க தம்பி, படம்தான் முடிஞ்சிடுச்சே!"

5
ஒரு முடிவு: அணைக்கிறான். டான்ஸ் கிளாஸ் நேரத்துக்குத் தொடங்குகிறது. செயலாளருக்குப் பிடித்த முடிவு.

இன்னொன்று: அணைக்கவில்லை. அவள் கூப்பிடுகிறாள். அவன்

இதை மேலே கொண்டுபோக எனக்கு வரவில்லை.

அவன் விரல் பொத்தான்மேல் இருக்கிறது. ஸ்பீக்கரில் அவள் மூச்சை இழுக்கும் சத்தம். ஒவ்வொரு அட்டைக்கு முன்பும் அப்படித்தான் இழுப்பாள். நான் எழுதுவதை விட்டு எழுந்துகொள்கிறேன். நாற்காலி காலியாக இருக்கிறது. பொத்தான் உங்களுக்கு எட்டும்.