கொடியில் குறைந்த சிவப்பு

விசாரணை அதிகாரி அளவு நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தார். "வெள்ளை பதினாறு அங்குலம். பச்சை பதினாறு. சிவப்பு ஏழுதான் இருக்கு."

என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அந்த அரசு அலுவலகத்தின் காவலாளி அவர். பதினோரு வருடமாகக் காலையில் கொடியேற்றி மாலையில் இறக்குபவர். எவனோ ஒரு புண்ணியவான் கொடியைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். 'உயிர் கொடுத்தவர்களை வெட்டி எறிந்தது யார்?' என்று கீழே கேள்வி வேறு.

வெட்டியது நான்தான். அதனால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கம்பத்தை ஒட்டிய வெள்ளைக்குக் காற்றால் ஒன்றும் ஆவதில்லை. ஓரத்துச் சிவப்புதான் நாள் முழுக்கப் படபடவென்று அடித்து நூல் நூலாகப் பிரியும். புதுக்கொடி கேட்டு இவர் எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. கிழிந்த கொடியை ஏற்ற இவருக்கு மனசு வராது, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பிரிந்த ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, மடித்து, நாலு வரிசை தையல் போட்டுக் கொடுப்பேன். மறுநாள் பளிச்சென்று பறக்கும். மூன்று வருடத்தில் சிவப்பு பாதிக்கும் கீழே போனது எங்கள் கண்ணில் படவேயில்லை. தினமும் பார்க்கிற முகம் இளைப்பது தெரிகிறதா என்ன?

"சிவப்புக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?" என்று அதிகாரி இவரைக் கேட்டார்.

"தெரியும் சார். போர்ல செத்தவங்க ரத்தம்."

"தெரிஞ்சுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்கா அர்த்தம் சொல்லித்தருகிறார்? எங்கள் பிள்ளை அந்தப் போரில்தான் போனான். உடம்புகூட வரவில்லை. ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். வாயைத் திறந்தால் இவர் பாடு இன்னும் மோசமாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதிகாரியின் குரல் இறங்கியது. "வெட்டின துண்டெல்லாம் எங்கம்மா? இருந்தா, பழுது பார்த்ததுன்னு எழுதி முடிச்சிடுவேன். குப்பையில போட்டிருந்தா அவமதிப்பு. இவருக்கு ஜெயில்தான், என் கையில ஒண்ணும் இல்ல."

"குப்பையிலதான் சார் போயிருக்கும்," என்றார் இவர். பாவம், அவருக்குத் தெரியாது.

ஆறு துண்டும் என் கைப்பையில் இருந்தன. வீட்டைச் சோதனை போடுவார்களோ என்று பயந்து காலையில்தான் திணித்துக்கொண்டேன். முதல் துண்டை வெட்டிய அன்றே தூக்கிப்போடக் கை வரவில்லை. பிள்ளையின் சட்டைக்குள் மடித்து வைத்தேன். இவர் வேலைக்குப் போனதும் எடுத்து மடியில் போட்டுக்கொள்வேன். பைத்தியக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவன் உடம்பு என்று மிச்சமிருந்தது அதுதான்.

இவரைப் பார்த்தேன். ஒரே வாரத்தில் பத்து வயசு கூடியிருந்தது. பையைத் திறந்து துண்டுகளை மேசையில் வைத்தேன்.

"எங்கிட்டகூடச் சொல்லலையேடி," என்றார் மெல்ல.

அதிகாரி அளந்தார், எழுதினார், கையெழுத்து வாங்கினார். "முடிஞ்சுது. நாளையிலேர்ந்து வேலைக்கு வரலாம். இதை வச்சிருக்கக் கூடாது, விதிப்படி மரியாதையோட எரிச்சிடணும். பின்னாடி முற்றத்துல ஒரு ஆளை விட்டுக் கொளுத்தச் சொல்றேன்."

இவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "ஆள் வேண்டாம் சார். நான் கொளுத்துறேன். பெத்தவன் நான்."

அதிகாரி புரியாமல் என்னைப் பார்த்தார். துண்டுகளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் முற்றத்துக்கு வந்தோம்.

இவர் தீக்குச்சியை உரசினார். காற்றில் அணைந்தது. இன்னொன்றை உரசிக் கையால் மறைத்துக்கொண்டு, "கீழ வச்சிடும்மா," என்றார்.

நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். குச்சி அவர் விரல் வரைக்கும் எரிந்து வந்துகொண்டிருந்தது.