மூன்று பேருக்கு வலன்ரைன்

ஸாலிஹ் சட்டத்தை மாற்றிவிட்டான் என்று கேட்டபோது வலன்ரைனின் தோளில் பருப்பு மூட்டை இருந்தது. அதை இறக்கக்கூட இல்லை.

"எந்த மடையன் கண்டுபிடிச்ச சட்டம்?"

"அமெரிக்காவுல மாத்திட்டாங்க மச்சான். நாங்களும் மாத்திட்டோம். பந்து போட உள்ள வந்தவன் குறைஞ்சது மூணு பேருக்குப் போடணும். இல்லாட்டி அந்த இன்னிங்ஸ் முடியணும். அதுக்கு முன்ன போக ஏலாது."

ஸாலிஹ் ஜப்பானில் கார் கழற்றுகிற யார்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். வரும்போது ஒரு சாக்கு நிறையப் பழைய கையுறைகளைக் கொண்டுவந்து, ஒருகொடவத்தை கொன்டெய்னர் யார்டில் மூட்டை தூக்குகிற கொட்டாஞ்சேனைக்காரர்களைப் பேஸ்போல் ஆட வைத்தான். எதிர் அணி வெள்ளவத்தைக்காரர்கள், கடைக்காரர்களும் ஒஃபிஸ்காரர்களும். ஞாயிறு பின்னேரங்களில் யார்டின் வெறுமையான மூலைதான் மைதானம்.

கொட்டாஞ்சேனை அணியில் வலன்ரைனுக்கு ஒரே ஒரு வேலை. வெள்ளவத்தை ஹரிசன் இடக்கையால் அடிப்பவன். அவன் மட்டையோடு வந்தால் இடக்கைக்காரனான வலன்ரைன் எழும்பிப் போவான். அவனை அவுட்டாக்குவான். திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்து கடலை தின்பான். வேறு யாருக்கும் போட்டதில்லை. போடவும் பயம்.

இரண்டு பக்கமும் இதையே பழக்கமாக்கியதில்தான் வினை. அடிக்க வருகிற ஒவ்வொருவனுக்கும் பந்து போடுகிற ஆளை மாற்றுவார்கள். வருகிறவன் காலால் மண்ணைக் கிளறுவான், தோளைச் சுழற்றுவான், வானத்தைப் பார்ப்பான். சனம் கொட்டாவி விட்டுக்கொண்டு தெமட்டகொடைக்குக் கிரிக்கெட் பார்க்கப் போனது. கடலைக்காரி மயிலம்மாவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாள். அதனால்தான் ஸாலிஹ் இரண்டாவது சட்டமும் போட்டான்: இருபது எண்ணுவதற்குள் பந்தைப் போட்டாக வேண்டும். யார்டில் மணிக்கூடு ஏது? சனமே எண்ணட்டும் என்றான். சனம் சிங்களத்திலும் தமிழிலுமாகத் தொண்டை கிழிய எண்ணத் தொடங்கியது. போன கூட்டம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. மயிலம்மாவும் வந்தாள்.

"ஒருத்தனுக்கு மட்டும் வர்ற ஆளை இனி வச்சிருக்க ஏலாது," என்றான் ஸாலிஹ். "இந்த ஞாயிறு மூணு பேருக்கு நின்னு காட்டு. இல்லாட்டி உன் இடத்துக்கு வேற ஆள்."

வலன்ரைன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். வாரத்தில் ஆறு நாள் அந்தக் கை யாரோ ஒரு முதலாளியின் பருப்புக்கும் சீனிக்கும் சொந்தம். ஞாயிறு மட்டும்தான் அது அவனுடைய கை. அதையும் பிடுங்கினால் என்ன மிச்சம்?

ஞாயிறு வந்தது. கடைசி இன்னிங்ஸ். கொட்டாஞ்சேனை ஒரே ஒரு ஓட்டம் முன்னால். வெள்ளவத்தையில் ஒருவன் அவுட், இன்னும் இரண்டு பேர் அவுட்டானால் வெற்றி. ஹரிசன் மட்டையோடு வந்தான். வலன்ரைன் எழும்பினான்.

"கடலையை வச்சிட்டுப் போ," என்றாள் மயிலம்மா. "இன்னிக்குச் சுருக்கா வரமாட்ட."

"பேச்சை விட்டுட்டு எண்ணு அக்கா."

ஹரிசன் மூன்று முறை மட்டையை வீசினான், மூன்றும் காற்றில். அவுட். வலன்ரைனின் கால் பழக்கத்தில் பலகைப் பக்கம் திரும்பியது. சனம் ஊளையிட்டது. திரும்பி வந்து நின்றான்.

அடுத்தவன் ராகுலன், வலக்கைக்காரன். முதல் பந்தையே கொன்டெய்னர் சுவரில் மோதவிட்டு மூன்றாம் தளம்வரை ஓடிவிட்டான். இன்னும் ஒரு தளம் வந்தால் ஓட்டம் சமன். தளமென்றால் மண் நிரப்பிய அரிசிச் சாக்கு; நாலையும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம், சாக்கை விட்டு இறங்கியவனைப் பந்தால் தொட்டால் அவுட். ராகுலன் அதில் ஏறி நின்று இடுப்பில் கை வைத்தான்.

"அண்ணை, கை நோகுதோ?"

வலன்ரைன் பந்தைச் சாரத்தில் துடைத்தான்.

மூன்றாமவன் தேனுஜன். ஒரு பந்து விலகிப் போனது. அடுத்ததற்கு மட்டையை வீசித் தவறவிட்டான். மூன்றாவது விலகல், நான்காவது தவறல். ஐந்தாவதை மட்டையின் ஓரத்தால் வெளியே தட்டினான். ஒவ்வொரு பந்துக்கும் சனம் எண்ணியது. மயிலம்மா வேண்டுமென்றே பத்திலிருந்து பதினைந்துக்குத் தாவினாள். ஆறாவதும் விலகிப் போனது. பந்து வலன்ரைனிடம் திரும்பி வந்தது.

வலன்ரைன் பெருமூச்சு விட்டான். பின்னால் நின்ற நடுவரிடம் நடந்து போய்த் தொப்பிக்குக் கை நீட்டினான்.

நடுவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "தொப்பி தலையில இருக்கு."

பிறந்ததிலிருந்து கிரிக்கெட் ஆடிய உடம்பு. ஆறு பந்து போட்டால் ஓவர் முடிந்தது, நடுவரிடம் கொடுத்த தொப்பியை வாங்க வேண்டியது. சனத்தின் எண்ணிக்கை நடுவில் நின்றுபோனது. வெட்கத்தோடு திரும்பிய வலன்ரைன் அப்போதுதான் அதைப் பார்த்தான்.

மூன்றாம் தளத்தில் ஆள் இல்லை. கிரிக்கெட்டில் ஓவர் முடிந்தால் அடிக்கிறவர்கள் இருவரும் நடுவில் சந்தித்துக் கதைப்பது வழக்கமல்லவா? ராகுலன் கையுறையைக் கழற்றிக்கொண்டு தேனுஜனிடம் ஆறுதலாக நடந்து போய்க்கொண்டிருந்தான்.

வலன்ரைன் எறிந்தான். மூன்றாம் தளத்தைக் காத்து நின்ற ஸாலிஹ் பந்தைப் பிடித்து, ஓடிப்போய் அதால் ராகுலனின் முதுகில் மெதுவாகத் தொட்டான்.

"என்ன?" என்றான் ராகுலன்.

"அவுட் மச்சான். மெச் முடிஞ்சிது."

"ஓவர் முடிஞ்சுதெண்டெல்லோ நினைச்சனான்."

"இதில எங்கயடா ஓவர்?" ஹரிசன் பலகையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான். ராகுலனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அவர் தொப்பி கேட்டவர். நான் என்ன செய்ய?"

ஸாலிஹ் வலன்ரைனிடம் வந்தான். "திட்டம் போட்டுத்தான் செஞ்சியா?"

"இல்ல மச்சான். நானும் ஓவர்னுதான் நெனச்சேன்."

ஸாலிஹ் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. "மூணு பேருக்கு நின்னுட்ட. போ, உன் இடம் உனக்கு."

"ரெண்டு பேருதான். தேனுஜன் இன்னும் நிக்கிறான்."

உண்மைதான். தேனுஜன் மட்டையைத் தோளில் வைத்தபடி அங்கேயே நின்றான். சனமும் போகவில்லை.

"பாதியில விட்டுட்டுப் போறதா?" என்று மயிலம்மா கத்தினாள். "அந்தப் பிள்ளைக்கும் ஒண்ணு போடு."

எந்தக் கணக்கிலும் சேராத பந்து. வலன்ரைன் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றான். இந்த முறை பலகைப் பக்கம் பார்க்கவே இல்லை. சனம் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது, வெள்ளவத்தைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பதினேழில் போட்டான், நேராக, முழு வேகத்தில்.

தேனுஜன் அடித்த அடியில் பந்து மூன்று அடுக்குக் கொன்டெய்னருக்கு மேலால் பறந்து அடுத்த யார்டுக்குள் விழுந்தது. இரண்டு பக்கச் சனமும் எழும்பிக் கை தட்டியது.

"நல்ல அடி," என்றான் வலன்ரைன்.

"இருந்தது அந்த ஒரு பந்துதான்," என்றான் ஸாலிஹ். "அடுத்த ஞாயிறுக்கு வேணும். நீயே போய்த் தேடு."

வலன்ரைன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலில் ஏறினான். பின்னால் சனம் மறுபடியும் எண்ணத் தொடங்கியிருந்தது.