இரண்டு கை, நாற்பத்தொன்பது பங்கு

ஆண்டியப்பனுக்குக் கணக்கென்றால் விரல் விட்டு எண்ணுவதுதான். கம்பெனியில் பங்குதாரர்கள் மூன்று பேர்: மேனேஜராகிய அவர், தம்பி கோகிலன், கடைக்குட்டித் தங்கை கங்கா. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்தை மலையிலிருந்து ஃபெக்டரிக்கு இறக்கும் இரண்டு லோரிகள்தான் கம்பெனியின் சொத்து. அதை ஈப்போக்காரர் ஒருவருக்கு விற்றுவிட அண்ணனும் தம்பியும் துடித்தார்கள். லோரி ஓட்டி, பழுது பார்த்து, தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் மல்லுக்கட்டி எல்லாம் செய்தவள் கங்கா. விற்றால் பிழைப்பு போய்விடும் என்று அவள் மறுத்தாள். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் விற்கலாம் என்றது ஒப்பந்தம். அந்த ஒரு வரி ஓராண்டாக ஆண்டியப்பனைத் தூங்கவிடவில்லை.

ஒருநாள் அவருக்கு ஞானம் பிறந்தது. ரிங்லெட் டவுனுக்குப் போய், கம்பெனி செக்ரட்டரி சசிரேகாவைப் பிடித்தார்.

"இனிமே பெரும்பான்மை சொல்றதுதான் முடிவுன்னு மாத்தும்மா."

"ஆள் கணக்கா, பங்கு கணக்காண்ணே? அதத் தெளிவா எழுதணும்."

"சட்டத்துல உள்ளபடி எழுதும்மா. பெரும்பான்மைன்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும்லா."

சசிரேகா சட்டத்தில் உள்ளபடியே எழுதினாள். ஆண்டியப்பன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கங்கா இரண்டு முறை படித்துவிட்டு, மறுபேச்சில்லாமல் போட்டாள். ஏமாந்துவிட்டாளே என்று அவருக்கு இரக்கம்கூட வந்தது.

மறுவாரம் கூட்டம். விற்பதற்கு ஆதரவாக அண்ணன், தம்பி கைகள் உயர்ந்தன. அண்ணன் கை கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்தது.

"நாப்பத்தொம்பது," என்று எழுதினாள் சசிரேகா. எதிர்த்துக் கங்கா கை தூக்கினாள். "அம்பத்தொண்ணு. தீர்மானம் தோத்துருச்சு."

"ரெண்டு பேர ஒரு ஆளு எப்படிலா ஜெயிக்க முடியும்?" என்றார் ஆண்டியப்பன்.

"ஒரு பங்குக்கு ஒரு ஓட்டுண்ணே. பொம்பளைங்க தொழிலுக்குக் கவர்மெண்ட் உதவி கெடைக்கும்னு அம்பத்தொரு பங்க கங்கா பேர்ல போட்டது நீங்கதான."

போட்டது அவர்தான். பெயர் என்பது பெயருக்குத்தான் என்று நினைத்துப் போட்டார்.

"அப்ப பழைய ஒப்பந்தத்துக்கே போயிரலாம்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"அதுக்கும் பெரும்பான்மை ஒத்துக்கணும்ண்ணே," என்றாள் கங்கா. பிறகு ஒரு தாளை நீட்டினாள். "அடுத்த தீர்மானம். இனிமே மேனேஜர் நான்."

ஆண்டியப்பன் துணைக்குத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். கோகிலனின் கை, யாரும் கேட்காமலே, தங்கைக்கு ஆதரவாக மேலே போயிருந்தது.