இரண்டு சைஸ் சின்னது

ஓட்டக்காரிக்குக் கால் போனால் என்ன மிச்சம்? வாய்தான். அது எனக்கு ஏற்கெனவே அதிகம் என்று எங்கள் தேயிலை எஸ்டேட்டே சொல்லும்.

நான் முருகேஸ்வரி. வனத்துறை வேலைக்குப் பிஎஸ்சி பரீட்சை எழுதி லிஸ்டில் பெயரும் வந்துவிட்டது. பாக்கி உடற்தகுதி ஓட்டம் மட்டும்தான், அதற்கு இருபத்தைந்து நாள் இருந்தது. பங்குனியோடு அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட். வீட்டில் வேறு யாருக்கும் கம்பெனி வேலை இல்லையென்றால் கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஓட்டத்தில் தோற்றால் அந்த வீட்டுக்காகவே நானும் கொழுந்து எடுக்கப் போக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மறையூர் ரோட்டு இறக்கத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஓடுகிறவர்கள் காலில் இழுத்து மாட்டுவார்களே, இறுக்கமான உறை, அதை ஆன்லைனில் வாங்கினேன். வேண்டுமென்றே என் அளவுக்கு இரண்டு சைஸ் சின்னதாக வாங்கினேன். எங்கள் ஆட்களுக்கு இறுக்கம்தான் மருந்து. கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் மூச்சு முட்டக் கட்டுவார்கள். என் அம்மா சுருளியம்மாள் முப்பத்திரண்டு வருடமாகக் கட்டுகிறவள். உறையை அவள்தான் இழுத்து ஏற்றிவிட்டாள்.

"வலிய இறுக்கிக் கட்டிரணும்டி. அவுத்து விட்டா அது பேச ஆரம்பிச்சிரும்."

வலி பேசவில்லை, உண்மைதான். நாலு நாள் பறந்தேன். ஐந்தாம் நாள் பாதம் மரத்துப்போய், எங்கே மிதிக்கிறேன் என்றே தெரியாமல் குப்புற விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற ஜின்சி, உறையைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டி, இது பள்ளிக்கூடப் பிள்ளை காலுக்கு ஆனது என்று திட்டினாள். தசை லேசாகக் கிழிந்திருந்தது. வலி தெரியாததால் கிழிசல் மேலேயே ஓடியிருக்கிறேன். பத்து நாள் ஓடவே கூடாது, அப்புறம் சரியான அளவு உறையோடு மெதுவாக ஆரம்பிக்கலாம், வலித்தால் வேகத்தைக் குறை என்றாள்.

சும்மா இருப்பது ஓடுவதைவிடக் கொடுமை, சாமி! பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அத்தை, மகாராணி எழுந்தாச்சா என்று தினமும் விசாரித்துவிட்டுப் போனாள். அம்மாவும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஜின்சி சொன்ன குதிகால் பயிற்சியைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. தோற்றால் கால் தோற்கட்டும், என் அவசரத்தால் தோற்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

ஓட்டத்தன்று கடைசிச் சுற்றில் கெண்டைக்கால் முனகியது. பழைய முருகேஸ்வரியாக இருந்தால் இன்னும் வேகம் எடுத்திருப்பாள். நான் காலடியைச் சின்னதாக்கினேன். நாலு பேர் தாண்டிப் போனார்கள். போங்கடி என்று விட்டேன். கொடுத்த நேரத்தில் ஆறு வினாடி மிச்சம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினேன்.

சாயங்காலம் அம்மா வேலைவிட்டு வந்ததும், பாஸாகிவிட்டேன் என்றேன். அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சாக்கைக் கீழே போட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு எட்டு வருசமா இடுப்பு வலிடி," என்றாள். "அந்த ஆஸ்பத்திரிப் புள்ளைகிட்ட என்னையும் ஒருக்க கூட்டிட்டுப் போறியா?"