பின்கதவின் கைப்பிடி

“இப்படி இழுத்தா கதவுக்கு வலிக்காதாப்பா?”

ஆறு வயதில் புவனா கேட்டது. அப்பா அய்யாசாமி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கார்க் கைப்பிடிகளின் இடுக்கில் படிந்த சுரங்கப் புழுதியைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, திருநீறு பூசிய கையால் மெல்லத் தூக்கிப் பார்ப்பார். “இனி வலிக்காது” என்பார்.

இப்போது அவர் கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள். புவனா வெளியே காரின் பின்கதவருகே நின்றாள். உள்ளங்கையில் கைப்பிடி, இரண்டு துண்டாக.

காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியவரை ஒரு கையால் தாங்கி, மறுகையால் கைப்பிடியை இழுத்தாள். இறுகிக் கிடந்தது. பலங்கொண்டு இழுத்தாள், முறிந்தது. “மெதுவாம்மா… வலிக்கும்” என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. மறுபக்கம் சுற்றிவந்து ஏற்றி, ஆஸ்பத்திரி சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவரால் குனிய முடியாமல் போய் மூன்று வாரம். “எண்ணெய் போட்டியாம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். “போடுறேம்ப்பா” என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுரங்கத்தில் நிலக்கரி சுமக்கும் கன்வேயரின் முனகல் காற்றில் மிதந்து வந்தது. வேப்பம்பூ உதிர்ந்தபடி இருந்தது. உள்ளே கேட்ட அழுகை வேறு யார் வீட்டிலோ போலத் தோன்றியது.

“எனக்குத் தலைவலின்னா தைலம் தேய்க்க மாட்டாவ,” அம்மா இசக்கியம்மாளின் குரல் அழுகையினூடே உயர்ந்தது. “காருக்கு மட்டும் வாராவாரம் எண்ணெய்!”

“இன்னா பாப்பா, இங்க நின்னுகினு இருக்க? உள்ள அம்மா தேடுறாங்க.”

ராயப்பன். அப்பா வேலை பார்த்த சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, முத்தாண்டிக்குப்பத்துக்காரர். மழை நாளில் ஷிஃப்ட் முடிந்தால், அப்பா இந்தக் கதவைத் திறந்துதான் அவரை ஏற்றிக்கொள்வார்.

புவனா கையை விரித்துக் காட்டினாள். “நான்தாண்ணே கொன்னுட்டேன். எண்ணெய் போட்டிருந்தா ஒடைஞ்சிருக்காது. எத்தனை நிமிஷம் வீணாப் போச்சு.”

ராயப்பன் துண்டுகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

“இத மொதல்ல ஒடைச்சவன் நானு பாப்பா. எம் பொஞ்சாதி அம்சவல்லிய பிரசவத்துக்கு ஏத்துற அவசரத்துல இழுத்தேன், கையோட வந்துடுச்சி. சார் ஒரு வார்த்தை சொல்லல. பண்ருட்டில பழசு ஒண்ணு வாங்கியாந்து அவரே மாட்டிகினாரு. பழைய சாமான் எத்தினி நாளைக்குத் தாங்கும்? கோவிச்சிக்கணும்னா என்னைய கோவிச்சிக்கோ.”

புவனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், அன்று முதல்முறையாக ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

காரியம் முடிந்த மறுவாரம் ராயப்பன் ஒரு பழைய கைப்பிடியோடு வந்தார்.

“வெள்ளைக் காருக்குக் கறுப்புப் பிடியா?” என்றாள் இசக்கியம்மாள். “திருஷ்டிப் பொட்டு வச்ச மாதிரில்லா இருக்கும்!”

“இருக்கட்டும்மா, கண்ணு படாது. நாயித்துக்கெழம வந்து நானே மாட்டிக் குடுக்குறேன்.”

புவனாவுக்கு ஞாயிறுவரை இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மதியம், அம்மா கண்ணயர்ந்த நேரம், அப்பாவின் டூல் பெட்டியை எடுத்து வந்து, கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றினாள். உள்ளே கைப்பிடியைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகள் தெரிந்தன.

ஸ்பேனரை வைக்கப் போனவள் நின்றாள்.

போல்ட்டின் தலையையும் தகட்டையும் சேர்த்துக் கம்பெனியில் இழுத்த மஞ்சள் பெயின்ட் கோடு, ஒரு விரிசலும் இல்லாமல் அப்படியே இருந்தது. கார் பிறந்த நாளிலிருந்து எந்த ஸ்பேனரும் அவற்றைத் தொட்டதில்லை. இந்தக் கைப்பிடி ஒருநாளும் மாற்றப்பட்டதே இல்லை.

அப்பா வழக்கமாக ராயப்பனை உட்காரவைக்கும் இடத்தில், பின்சீட்டில், அவள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கன்வேயர் முனகிக்கொண்டிருந்தது. நாளை அவர் வந்து அட்டையைக் கழற்றினால், அவள் பக்கத்தில் நிற்கும்போதே அந்தக் கோட்டைப் பார்க்க நேரும்; அவர் சொன்ன கதை அவள் எதிரிலேயே பொய்யாகிவிடும்.

எழுந்தாள். போல்ட்டுகளைத் திருகினாள், மஞ்சள் கோடு பிளந்தது. கறுப்புக் கைப்பிடியைப் பொருத்தி, கம்பியைக் கோத்து, திரும்ப முறுக்கினாள். மிச்சமிருந்த மஞ்சளை உப்புத்தாளால் சுவடில்லாமல் தேய்த்தாள். அட்டையை மூடினாள்.

பிறகு பல் பிரஷ். எண்ணெய், ஒரு சொட்டு.

மெல்லத் தூக்கினாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. யாரோ நிதானமாக ஏறி உட்காரக் காத்திருப்பவள்போல, அதைப் பிடித்தபடி சற்று நின்றாள். சீட்டின்மேல் ஒரு வேப்பம்பூ விழுந்தது.

கதவை மெதுவாகச் சாத்தினாள்.