வீடு விற்பனைக்கு, கோச் இலவசம்

காலையில் அப்பா போன் செய்தபோது நான் பியரோகிக் கொழுக்கட்டைக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு உன் மாமனார் கராஜுல உட்காராதே மார்லி," என்றார். "பெக்கரை இறக்கப் போறதில்ல. யூனிஃபார்ம் போட்டு ஓரமா நிப்பான், அவ்வளவுதான். முட்டி வீங்கியிருக்கு. நாங்கதான் ஏற்கெனவே ப்ளே ஆஃபுக்குப் போயாச்சே. எதுக்கு அவனை உடைக்கணும்?"

"சரிப்பா."

"யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அதை அவர் சொல்லவே வேண்டாம். கோச் வீட்டில் பிறந்தவள் நான். சமையலறையில் கேட்டது வாசற்படி தாண்டக் கூடாது என்பது எனக்கு நடக்கத் தெரியும் முன்பே தெரியும். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் வெங்காயம் கருகியிருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்பு வரை அப்பா இந்த ஊர் ஃபெர்ரிமென் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு கோச். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிரம்மர்ஸுக்கு. டிரம்மர்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே எங்கள் ஊரில் துப்புவார்கள். ஆனால் அன்று சீசனின் கடைசி ஞாயிறு. மத்தியானம் எங்களோடு முட்டி நிற்கும் அணியை டிரம்மர்ஸ் ஜெயிக்க வேண்டும், சாயங்காலம் ஃபெர்ரிமென் ஜெயிக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் எங்களுக்கு ப்ளே ஆஃப். அதனால் ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவுக்காக வேண்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் நம்பியிருந்தது பெக்கரின் வலது கையை. லீகிலேயே அவனைப் போலப் பந்தெறிய ஆள் இல்லை.

என் மாமனார் காஸ் நோவிக்கியின் கராஜில் கார் நின்று நான் பார்த்ததில்லை. பெரிய டிவி, பழைய சோபா, குளிர்காய ஒரு வாயு அடுப்பு, சுவர் முழுக்க ஃபெர்ரிமென். நடுவில் ஒரு பெரிய நீலக் கொடி. அந்தக் கொடிக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கிறது. நான் ரஸ்ஸைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த வாரம், மாமியார் ஆர்லீன் ஏணி போட்டு ஏறி அதன் மேல் கொடியை மாட்டினாள். பலகையில் காஸின் கையெழுத்தில் 'வீடு விற்பனைக்கு, கோச் இலவசம்' என்று எழுதியிருக்கும். அப்பாவை வேலையிலிருந்து எடுப்பதற்கு முந்தைய நாள் அது எங்கள் வீட்டுப் புல்தரையில் நின்றது. ஊரை விட்டுப் போ என்று அதைப் போல இன்னும் பல நின்றன. ஆனால் அதுதான் பெரியது, பிறகு காஸ் திரும்ப எடுத்து வந்து சுவரில் மாட்டிக்கொண்டது. பேப்பரில் படம் வந்தது. அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

காஸ் கெட்டவர் இல்லை. என் கார் பேட்டரி செத்தால் பனியில் முட்டி போட்டு மாற்றித் தருவார். ஆனால் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்தப் பலகை இறங்க வேண்டும், அவர் கையால் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்பா சொன்னபடி நான் வேறெங்காவது போயிருக்கலாம். போகவில்லை. பியரோகித் தட்டோடு கராஜுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். உட்கார முடியவில்லை. காஸும் உட்காரவில்லை. அடுப்பைக் கூட்டினார், குறைத்தார், கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தார்.

"ஏன்டா குட்டி போட்ட பூனை மாதிரி அலையுற?" என்றார் அவர் தம்பி லோனி, சோபாவில் சாய்ந்தபடி. "ஹோல்ப்ரூக் கோச்சா இருந்தப்போ இந்த டென்ஷன் உண்டா? டிசம்பர் வரும்போதே எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"ஆமா, சீசனே முடிஞ்சிருக்கும்."

"ரெண்டு தடவை ப்ளே ஆஃப் கூட்டிட்டுப் போனான்டா அந்த மனுஷன்!"

"கூட்டிட்டுப் போய் ரெண்டு தடவையும் தொலைச்சிட்டு வந்தான்."

"பிங்கம்?" என்று கிளறிவிட்டான் ரஸ். என் புருஷனுக்கு இதில் ஒரு சந்தோஷம்.

"அவன் பேரை என் கராஜுல எடுக்காதே. கொட்டுற மழையில நாப்பது தடவை பந்தை எறியச் சொன்னவன். சோப்புக் கட்டியை எறியுற மாதிரி எறிஞ்சானுங்க."

"அதுக்கப்புறம்..." என்று ஆரம்பித்த லோனி என்னைப் பார்த்து நிறுத்தினார். பியர் கேனைத் தூக்கிக் காட்டினார். "அதுக்கப்புறம் மிஸ்டர் டிராப்பர். இன்னைக்கு மரியாதையாதான் சொல்லுவேன். மிஸ்டர் டிராப்பர், சார்."

மற்ற நாளில் என் அப்பாவை அவர் சொல்வது 'ஒரு கஜ டிராப்பர்'. ஒரு ப்ளே ஆஃப் ஆட்டத்தில் இன்னும் ஒரே ஒரு கஜம் பந்தைக் கொண்டுபோனால் ஜெயித்திருக்கலாம். அப்பா மூன்று புள்ளி போதும் என்று உதைக்கச் சொன்னார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பயந்தாங்கொள்ளி என்றார்கள்.

"இன்னைக்கு பெக்கரை முழு ஆட்டமும் ஆட விடுவாரில்ல?" காஸ் டிவியைப் பார்த்தே கேட்டார். கேள்வி எனக்குத்தான்.

"எனக்கென்ன தெரியும்."

"ஒரு போன் போட்டுப் பாரேன்."

"ஆட்டத்தன்னைக்கு கோச்சுங்க போன் எடுக்க மாட்டாங்க, காஸ்."

"அப்போ ஒரு மெசேஜ் அனுப்பு. இங்க நாங்க எல்லாரும் அவர் பக்கம்னு."

"அதை நீங்களே அனுப்புங்க."

லோனி சிரித்த சிரிப்பில் பியர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்துவிட்டு, "ஏன்டா காஸ், அவருக்கு அடிச்ச போர்டை சுவத்துல வச்சுக்கிட்டே அவர் நமக்காக ஜெயிக்கணும்னு வேண்டுறியே. வெளங்குமா? அதான்டா நாலு வருஷமா நம்மைப் புடிச்ச பீடை," என்றார்.

காஸுக்குச் சகுனம் பெரிது. ஆட்டத்தன்று இடது காலுறையை முதலில் போடுகிற மனிதர் அவர். போன மாதம் ஜெயித்த நாளில் போட்டிருந்த சட்டையைத் துவைக்க விடாமல் ஒளித்து வைத்திருப்பவர். நேரே போய்க் கொடியை அவிழ்த்தார். பலகையைக் கழற்றினார். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. வாசலில் ஆர்லீன் ஈரக் கையோடு நின்று பார்த்தாள்.

நான்கு வருடமாக நான் கேட்காமல் கேட்டது நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் இறக்கியது எனக்காகவோ அப்பாவுக்காகவோ இல்லை, பெக்கருக்காக.

வெளியே நெருப்புப் பீப்பாயில் சாஸேஜ் சுட்ட தணல் இன்னும் இருந்தது. பலகை அதற்குள் நுழையவில்லை. காஸ் ரம்பத்தை எடுத்து வந்து, பலகையை இரண்டு ஸ்டூல் மேல் வைத்தார். "மார்லி, இந்த முனையைக் கொஞ்சம் புடி," என்று கூப்பிட்டார்.

பிடித்தேன். பனி சன்னமாகத் தூவிக்கொண்டிருந்தது. ரம்பம் இழுக்க இழுக்கப் பலகை என் முழங்கை வரை அதிர்ந்தது. 'இலவசம்' என்ற சொல் என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது.

"அன்னைக்கு நீ மாடி ஜன்னல்ல நின்னே," என்றார் அவர், ரம்பத்தை நிறுத்தாமல்.

"ஆமா."

"நான் கை ஆட்டினேன்னு நெனைக்கிறேன்."

"இல்ல. நீங்க என்னைப் பாத்தீங்க. அப்புறம் சுத்தியலால இன்னும் ரெண்டு அடி அடிச்சிட்டுப் போனீங்க."

ரம்பம் இரண்டு முறை போய் வந்தது. "ஆமா," என்றார். "அப்படித்தான் செஞ்சேன்."

அவர் மூக்கு நுனியில் ஒரு துளி தொங்கியது. துடைக்கவில்லை. அந்த 'ஆமா'வுக்குப் பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அப்பா வீட்டு வாசற்படியை அன்றுதான் தாண்டினேன்.

"பெக்கர் ஆட மாட்டான், காஸ். முட்டி வீக்கம். யூனிஃபார்ம் போட்டு சும்மா நிப்பான். காலையிலேயே எனக்குத் தெரியும்."

ரம்பம் பாதிப் பலகையில் நின்றது. கராஜுக்குள் கூட்டத்தின் இரைச்சல், லோனியின் குரல்: "ஆரம்பிக்கப் போறாங்க! வாங்கடா!"

காஸ் பலகையைப் பார்த்தார். இன்னும் பாதிதான் அறுந்திருந்தது. ஓர் ஆணி அடித்தால் மறுபடி சுவரில் மாட்டிவிடலாம். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. என் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"லோனிகிட்ட சொல்லிடாதே," என்றார் கடைசியில். "பாவம், இன்னும் ரெண்டு நிமிஷம் சந்தோஷமா இருக்கட்டும்."

பிறகு, "கெட்டியா புடி," என்று ரம்பத்தை இழுத்தார்.

பலகை இரண்டானது. துண்டுகளை அவரே பீப்பாயில் போட்டார். நீலப் பெயின்ட் நாற்றமடித்துப் புகைந்தது. உள்ளிருந்து லோனி அலறினார்: "யாருடா இவன்? பெக்கர் எங்கடா? அடப்பாவி, ஒரு கஜ..."

"வாயை மூடுடா!" காஸ் வாசலிலிருந்தே கத்தினார். "பையனுக்கு முட்டி வீங்கியிருக்காம்! அந்த முட்டியோட உன்னைக் களத்துல இறக்கவா?"

புதுப் பையன் மோசமில்லை. இருபது வயதுக்காரன் போல முகம், எறிகிறபோது கண்ணை மூடிக்கொள்வான் போலிருந்தது. ஆனாலும் பந்து போய்ச் சேர்ந்தது. ஆட்டம் ஒட்டியே போனது. நாங்கள் யாரும் உட்காரவில்லை. மூன்றாவது கால்பகுதியில், எல்லைக்கோட்டுக்கு ஒரே ஒரு கஜம் மிச்சம் இருக்கும்போது, அப்பா உதைக்கும் ஆளைக் களத்துக்கு அனுப்பினார்.

லோனி பியர் கேனைக் கீழே வைத்தார். காஸின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடினார். முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது.

"பரவால்ல காஸ்," என்றேன். "சொல்லுங்க."

சொன்னார். ஆர்லீன் சமையலறையிலிருந்து ஓடி வருகிற அளவுக்குச் சொன்னார். முடித்ததும் மூச்சு வாங்கியபடி தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உட்காரு. உங்கப்பாவைப் பத்தி உனக்குத்தானே தெரியும். ஏன் இப்படிப் பண்றார், சொல்லு."

உதைக்கிறவன் பின்னால் நகர்ந்து நின்று புல்லில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.