தலையணையில் கிடந்த கல்

சுழல்காற்று எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைக் கடக்க நான்கு நிமிடம்கூட எடுக்கவில்லை. பகல் பதினொரு மணி. மகள் சுலக்ஷனா லிந்துலையில் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவள் கட்டிலில், தலை வைக்கும் இடத்தில், தேங்காயைவிடப் பெரிய கல் கிடந்தது. தலையணை கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது.

அந்தக் கல்லை ஏற்றி வைத்தது நாங்கள்தான். தகரம் பறக்காமலிருக்க எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா வீடுகளின் கூரையிலும் கல் உண்டு. காற்று தகரத்தைத் தூக்கியது, கல் உள்ளே வந்தது.

"அத வெளிய போடுங்க, பாக்கவே முடியல" என்றாள் மனைவி ஜீவராணி.

வெளியே கொண்டுவந்தேன். அதற்குள் பக்கத்துக் காம்பரா பொன்னையா அண்ணன் ஏணியைச் சாத்திவிட்டார். அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு இழுத்த வயர் அறுந்து ஈரத் தகரத்தில் கிடந்தது.

"மெயின் சுவிட்ச அமத்துனீங்களா?"

"கரண்டுதான் இல்லயேடா."

"நீங்க ஏறுனதும் வரும்."

முனகிக்கொண்டே போய் அமத்திவிட்டு வந்து ஏறினார். தகரத்தை நேராக்கியதும் கை நீட்டினார். "அந்தக் கல்லக் குடு தம்பி."

"இது புள்ள தலமாட்டுல விழுந்த கல்லுண்ணே."

"கல்லு என்னடா பண்ணும்? காத்துதானே தள்ளுச்சு."

"ஆணி அடிப்போம். வொஷர் வச்ச ஆணி ஒரு பொட்டலம் வச்சிருக்கேன்."

சேதத்தைப் படமெடுக்க வந்த தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவுக்கு அது கேட்டுவிட்டது. "ஆணியா? தோட்டத்துத் தகரத்துல ஓட்ட போடக்கூடாது."

"இப்ப இருக்கிற ஓட்டயெல்லாம் யாருங்கய்யா போட்டது?"

"வாய் நீளுது. மீறி அடிச்சா ஒம் பேரு நிவாரண லிஸ்டுல இருக்காது."

பன்னிரண்டு குடும்பமும் கேட்டுக்கொண்டு நின்றது. அவர் போன கையோடு எல்லாரும் கல் பொறுக்கக் கிளம்பினார்கள். சிலர் நல்ல கல்லுக்குச் சண்டையும் போட்டார்கள்.

மூன்று மணிக்கு மழை வந்தது. சுலக்ஷனா வெள்ளைச் சீருடை நனைந்து வந்து நின்றாள். மேலே தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. பொன்னையா அண்ணன் அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு கத்தினார்.

"பறக்கப் போவுதுடா! கல்லு!"

ஆணிப் பொட்டலம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. குனிந்து அதே கல்லைத் தூக்கினேன். அடியில் தலையணைப் பஞ்சு ஈரத்தோடு ஒட்டியிருந்தது. துடைக்காமல் நீட்டினேன். அவர் வாங்கி, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார்.

உள்ளே போய் மகளின் கட்டிலைக் குசினி அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டேன். அண்ணாந்து பார்த்தேன்.

அங்கே தகரத்துக்கு மேலே நாங்கள் ஏற்றியிருந்த கல் கொஞ்சம் சின்னது.